குருதியின் வகை கண்ட பெரியார்: காரல் லாண்ட்ஸ்டைனர்

மனிதன் வானத்து மீன்களை எண்ணத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரே தன் உடலில் ஓடும் குருதியின் வகையை அறிந்தான். கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையத்திற் பிறந்து வளர்ந்த நாமும், இக்கல்லூரியின் விலங்கியல் வகுப்பில் அமரும்வரை நம் குருதி எவ்வகையைச் சார்ந்ததென அறிந்தோமில்லை.

அன்று ஆசிரியர் நம் விரல் நுனியை ஊசியாற் குத்தி, வெண்ணிற ஓட்டின்மேல் மூன்று துளிகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மருந்துநீரைக் கலந்தார். முதல் துளி மாறாதிருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் திரிந்த பால்போல் துகள் துகளாயின. பி பாசிட்டிவ் என்று நம் பெயருக்கெதிரே எழுதினார். தோழர்கள் தத்தம் வகையைக் கூறி மகிழ்ந்தனர். நமக்கோ மகிழ்ச்சியினும் நாணமே மிக்கது. சில ஆண்டுகளுக்கு முன் நம் தமக்கையார் மகப்பேற்றில் மிகுந்த குருதியிழந்து கிடந்தபோது, உடன்பிறந்தார் குருதி தவறாது பொருந்தும் என்று நம்பி உறவினர் அனைவரும் மருத்துவமனை வாயிலில் நின்றோம். அவரவர் வகை யாதென வினவியபோது விடை கூறுவார் ஒருவரும் இலர். முன்பின் அறியாத ஒருவர் ஈந்த குருதியே அன்று அவரைப் பிழைப்பித்தது. அவ்வாறு பிழைப்பிக்கும் வழியை உலகிற்குக் காட்டியவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

காரல் லாண்ட்ஸ்டைனர் 1868-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் ஆஸ்திரியாவில், வியன்னாவை அடுத்துப் பிறந்தார். பத்திரிகையாசிரியராய்ப் புகழ்பெற்ற தந்தையார், மைந்தருக்கு ஆறு வயது நிரம்பியிருந்த காலத்தே மறைந்தார். அன்னையாரே அவரை வளர்த்து ஆளாக்கினார். 1891-இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றபின், நோயின் வேரை அறியப் பொருள்களின் இயல்பை அறியவேண்டுமெனக் கருதி, எமில் பிஷர் முதலிய பேரறிஞர்களிடம் வேதியியல் பயின்றார். பின்பு வியன்னாவின் நோய்க்கூற்றியற் கழகத்திற் பத்தாண்டு பணியாற்றி, 3,600-க்கும் மேற்பட்ட பிணங்களை அறுத்து ஆராய்ந்தார்.

ஒருவர் குருதியை மற்றொருவருக்கு ஏற்றும் முயற்சி அவருக்கு முன்னரே இருந்ததுதான். 1667-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் டெனி என்பார் ஆட்டுக்குட்டியின் குருதியை மனிதனுக்கு ஏற்றினார். பின்னர் மனிதர் குருதியையே ஏற்றிப் பார்த்தனர். சிலர் பிழைத்தனர், சிலர் நடுக்கங்கொண்டு இறந்தனர். காரணம் புலப்படவில்லை. ஒருவர் குருதி மற்றொருவர் குருதியோடு கூடித் திரிவதைக் கண்டோர், அஃது ஏதோ நோயின் விளைவென்றே எண்ணினர்.

லாண்ட்ஸ்டைனர் நோயாளரை விடுத்து நலமுடையோரை ஆராய்ந்தார். தம் குருதியையும் தம்முடன் பணிபுரிந்த ஐவர் குருதியையும் எடுத்து, செவ்வணுக்களையும் ஊனீரையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொருவர் அணுவையும் ஒவ்வொருவர் ஊனீரோடு கலந்து பார்த்தார். சில கலவைகள் திரிந்தன. சில தெளிவாகவே நின்றன. எவருடைய ஊனீரும் அவருடைய அணுக்களைத் திரிக்கவில்லை. இவ்வொழுங்கினின்று அவர் உண்மையை உய்த்துணர்ந்தார். செவ்வணுக்களின்மேல் ஏ, பி என்னும் இருவகைப் பொருள்கள் உண்டு. தன்பால் இல்லாத பொருளை எதிர்க்கும் ஆற்றல் ஒவ்வொருவர் ஊனீரிலும் இயல்பாகவே உண்டு. ஏ வகையார் ஊனீர் பி அணுக்களையும், பி வகையார் ஊனீர் ஏ அணுக்களையும் திரிக்கும். இரண்டும் இல்லாதது இன்று ஓ எனப்படும் வகை. இதனை 1901-இல் வெளியிட்டார். இரண்டும் ஒருங்கேயுடைய ஏபி வகையை மறு ஆண்டில் அவரைச் சார்ந்தோர் கண்டனர்.

இவ்வளவு பெரிய உண்மைக்கு வேண்டியிருந்தவை சில கண்ணாடிக் குழாய்களும், ஆறு பேர் குருதியும், பொறுமையுமே. ஆயினும் உலகம் உடனே செவிசாய்த்ததில்லை. 1907-இல் நியூயார்க் நகரத்து ஆட்டன்பர்க் என்னும் மருத்துவர் பொருத்தம் பார்த்துக் குருதி ஏற்றினார். முதல் உலகப்போரின் பின்னரே அம்முறை எங்கும் பரவலாயிற்று.

லாண்ட்ஸ்டைனரோ ஓரிடத்தில் நின்றாரல்லர். இளம்பிள்ளை வாதம் கிருமியால் தொற்றுவது என்பதை 1908-இல் குரங்குகளின் வாயிலாக மெய்ப்பித்தார். போருக்குப்பின் வியன்னாவில் வறுமை சூழவே, 1919-இல் ஹாலந்து சென்று ஒரு சிறு மருத்துவமனையில் நாள்தோறும் வரும் சோதனைகளைச் செய்து குடும்பத்தைப் புரந்தார். பின்னர் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1930-இல் நோபல் பரிசு பெற்றார். அதன்பின்னும் ஓய்ந்திலர்; 1940-இல் வீனர் என்பாருடன் ஆர்.எச். என்னும் காரணியைக் கண்டறிந்தார். நம் மூன்றாம் துளி காட்டிய பாசிட்டிவ் என்பது அதுவே. அஃது இல்லாத தாயின் வயிற்றில் அஃது உள்ள குழவி வளருங்கால் நேரும் கேட்டின் காரணமும் அதனால் விளங்கிற்று. 1943-ஆம் ஆண்டு ஜூன் மாதம், சோதனைச்சாலையில் பணிபுரிந்துகொண்டிருக்கையில் மாரடைப்புற்று, இரண்டு நாட்களில், 26-ஆம் நாள், உயிர் நீத்தார். அவர் பிறந்த ஜூன் 14-ஆம் நாளையே 2004 முதல் உலகம் குருதிக் கொடையாளர் நாளாகக் கொண்டாடி வருகின்றது.

அவர் வகுத்த வகைகள் குலமும் சமயமும் கேட்பனவல்ல. ஒரே வீட்டில் வேறு வேறாகவும், கடல் கடந்த நாட்டில் ஒன்றாகவும் அமைவன. ஆராய்ச்சியும் அவரோடு முடிந்துவிடவில்லை. ஓ போலத் தோன்றியும் ஓ வகையை ஏற்காத அரிய வகையொன்றை 1952-இல் நம் நாட்டு பெண்டே என்பாரும் அவர் துணைவர்களும் பம்பாயிலிருந்து உலகிற்கு அறிவித்தனர். அது பம்பாய் வகை என்றே வழங்குகின்றது.

விடுமுறையில் நைனார்பாளையம் சென்றபோது, தமக்கையாரின் பழைய மருத்துவச் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். ஓ பாசிட்டிவ் என்று எழுதியிருந்தது. அன்று அன்பு மிகுதியால் நாம் நீட்டிய கையிலிருந்த குருதி அவருக்கு நஞ்சாகியிருக்கும். அன்பு ஒன்றே போதாது, அறிவும் உடன்வேண்டும் என்பதை அச்சிறு தாள் நமக்குக் கற்பித்தது.

ஆதலின் மாணவ நண்பர்களே, உங்கள் வகையை அறிந்துகொள்ளுங்கள்; இல்லத்தார் வகையையும் அறியச் செய்யுங்கள். வகுப்பிற் கண்டது பாடமே. ஏற்றுமுன் குருதி வங்கியார் மீண்டும் சோதித்துப் பொருத்தம் பார்ப்பர். பதினெட்டு வயது நிரம்பி உடல்நலமும் உடையோர் அங்குச் சென்று கொடுங்கள். உங்கள் குருதி நும் உடன்பிறந்தாருக்குப் பொருந்தாமற் போகலாம். நீங்கள் என்றும் காணாத ஒருவரின் தமக்கைக்குப் பொருந்தும்.