ஜியாமெட்ரி பாக்ஸ் வேண்டாம், ஒரு சதுரத் தாள் போதும்! கும்பகோணத்தில் படித்த சுந்தர ராவை உலகம் ஏன் கொண்டாடுகிறது?

வீராணம் ஏரிக்கரையில் இருக்கும் லால்பேட்டையில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் 60 டிகிரி கோணம் வரையச் சொன்னால் என்ன செய்யும்? முதலில் ஜியாமெட்ரி பாக்ஸைத் தேடும். காம்பஸ் தொலைந்திருக்கும், பாகைமானி உடைந்திருக்கும். அதோடு கணக்கு மேலும் வெறுப்பு வந்துவிடும்.

ஆனால் காம்பஸும் வேண்டாம், பாகைமானியும் வேண்டாம், ஒரு துண்டுத் தாள் போதும் என்று 130 வருஷத்துக்கு முன்பே செய்து காட்டினார் ஒருவர். அதுவும் லால்பேட்டைக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை, கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் கும்பகோணத்தில் படித்தவர். பெயர் தண்டலம் சுந்தர ராவ்.

யார் இவர்?

கணக்குப் பேராசிரியர் என்று நினைத்தால் தப்பு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு, சென்னை மாகாண வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். டெபுடி கலெக்டர் வரை உயர்ந்தவர். பின்னாளில் கணித மேதை ராமானுஜன் 1904ல் சேர்ந்ததும் இதே கல்லூரியில்தான்.

நிலவரி, ஜமாபந்தி என்று ஓடும் உத்தியோகம். அதற்கு நடுவிலும் படித்த கணக்கை அவர் விடவில்லை. 1893ல் சென்னை அடிசன் கம்பெனி வழியாக ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். தாள் மடித்தே வடிவியல் கற்பது எப்படி என்பதுதான் விஷயம். அப்போது ராமானுஜனுக்கு வயது 5.

ஐடியா எங்கிருந்து வந்தது?

மழலையர் பள்ளியில் இருந்து! ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரோபெல் தொடங்கிய கிண்டர்கார்டன் முறையில், பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருட்கள் வரிசையாகத் தரப்படும். அந்த வரிசையில் வந்த ஒன்று, 200 வண்ணச் சதுரத் தாள்கள் கொண்ட மடிப்புப் பெட்டி. கப்பல், பூ என்று குழந்தைகள் மடித்து விளையாடுவதற்காக வந்தது அது.

சுந்தர ராவ் அதையே உயர்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கொண்டுபோனார். கடைத் தாள்தான் வேண்டும் என்பதில்லை, சாதாரணத் தாளே போதும், கூட ஒரு பேனாக்கத்தி இருந்தால் சரி என்றார். குறைந்த செலவில் கணக்கு விளையாட்டாக வேண்டும் என்பது அவர் எண்ணம். மாணவர்கள் மட்டுமல்ல, படித்ததை மறந்துபோன தன்னைப் போன்ற பெரியவர்களும் மறுபடி கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்றும் ஆசைப்பட்டார்.

60 டிகிரி எப்படி வரும்?

நீங்களே செய்து பாருங்கள். நோட்டுத் தாளின் ஒரு மூலையை மடித்து, குட்டைப் பக்கத்தை நெட்டைப் பக்கத்தோடு பொருத்துங்கள். மிச்சத்தை வெட்டினால் சதுரம் ரெடி.

அதை இடமிருந்து வலமாகச் சரிபாதியாக மடித்துப் பிரியுங்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். இப்போது கீழ் இடது மூலை அசையாமல், கீழ் வலது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின் மேல் தொடும்படி வையுங்கள். தொட்ட புள்ளியைக் குறித்துக்கொண்டு தாளைப் பிரியுங்கள். அந்தப் புள்ளியும் கீழிரண்டு மூலைகளும் சேர்ந்தால் சமபக்க முக்கோணம்!

ஏன்? கீழ்ப்பக்கம்தான் தூக்கி வைக்கப்பட்டது, எனவே நீளம் மாறவில்லை. புள்ளி நடுக்கோட்டில் இருப்பதால் இரண்டு மூலைகளுக்கும் அதே தூரம். ஆக, மூன்று பக்கமும் சமம், ஒவ்வொரு கோணமும் 60 டிகிரி. மனப்பாடம் செய்ய இதில் ஒன்றுமில்லை. நிரூபணத்தைக் கையே செய்துவிடுகிறது.

புத்தகத்தில் மொத்தம் 14 அத்தியாயங்கள். சதுரத்தில் தொடங்கி ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று ஏறுகிறது. பெருக்குத் தொடர், கூட்டுத் தொடரும் உண்டு. சதுரத்தைப் பாதியாக்கி, அந்தப் பாதியைப் பாதியாக்கிக்கொண்டே போனால், அரை, கால், அரைக்கால் என்று எத்தனை கூட்டினாலும் ஒன்றை நெருங்குமே தவிர தாண்டாது என்பது கண்ணாலேயே புரியும். கடைசியில் பரவளையம், நீள்வட்டம் போன்ற வளைகோடுகளைப் புள்ளி புள்ளியாக மடித்தே எடுக்கிறார்.

உலகம் எப்படிக் கண்டுகொண்டது?

ஜெர்மனியின் பெரிய கணிதப் பேராசிரியர் ஃபெலிக்ஸ் கிளைன், 1895ல் வெளியான தன் நூலில் சென்னைக்காரரின் இந்தப் புத்தகத்தைக் குறிப்பிட்டார். அந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமன், ஸ்மித் இருவரும் அதன் மூலம் சுந்தர ராவைத் தெரிந்துகொண்டனர். அவர்கள் திருத்திய பதிப்பு 1901ல் சிகாகோவில் வெளியானது. 1966ல் நியூயார்க்கின் டோவர் நிறுவனம் மறுபதிப்புப் போட்டது. ஆங்கிலேயர் கால எழுத்துக்கூட்டலால், அட்டையில் அவர் பெயர் 'ரோ' என்று படிக்கும்படி இருக்கும். இணையத்தில் தேடுபவர்கள் இதைக் கவனிக்கணும்.

அவருக்கும் சறுக்கியதா?

ஆமாம். கனமூலத்தைத் தாள் மடித்துக் கண்டுபிடிக்க முடியாது என்ற தொனியில் எழுதிவிட்டார். கோணத்தைச் சரியாக மூன்றாகப் பிரிக்கவும் தோராய வழிதான் தந்தார். 1936ல் இத்தாலியின் மார்கெரிட்டா பெலோக், இரண்டு புள்ளிகளை ஒரே மடிப்பில் இரண்டு கோடுகள் மேல் கொண்டுவந்தால் கனமூலம் கிடைக்கும் என்று நிரூபித்தார். அதாவது, ஸ்கேலும் காம்பஸும் செய்ய முடியாததைச் சாதாரணத் தாள் செய்யும். தாளின் சக்தி, அதை நம்பிய சுந்தர ராவ் நினைத்ததைவிடவும் பெரியது!

மடிப்புக் கணக்கு அதோடு நிற்கவில்லை. ஜப்பானின் கோரியோ மியூரா உருவாக்கிய மடிப்பு முறையில் செய்த சோலார் பேனல், 1995ல் விண்வெளிக்குப் போய் விரிந்தது.

இன்று ஏன் முக்கியம்?

கணக்கில் பின்தங்கும் பிள்ளைக்கு நாம் கொடுப்பது பெரும்பாலும் இன்னொரு மாதிரி வினாத்தாள்தான். சுந்தர ராவ் கொடுத்தது வெறும் தாள். இதற்கு ஆய்வகமோ ஸ்மார்ட் வகுப்போ தேவையில்லை, பழைய நோட்டு இருக்கும் எந்தப் பள்ளியிலும் நாளைக்கே தொடங்கலாம். தப்பாக மடித்தாலும் மார்க் குறையாது, பிரித்து மறுபடி மடித்தால் போச்சு. அந்தத் தைரியம் வந்துவிட்டால், காம்பஸ் தொலைந்த பிள்ளைகூட 60 டிகிரிக்குப் பயப்படாது.