மொலோக்காய் தீவின் டேமியன் அடிகளார்

ஹவாய் தீவுகளின் சுதேச மக்கள் தொழுநோயைத் தம் மொழியில் பிரிக்கும் நோய் என்று அழைத்தனர். அந்தப் பிரிவினையை நிறைவேற்றியது 1865 ஆம் ஆண்டில் அங்கு கொண்டுவரப்பட்ட ஒரு சட்டமாகும். 1866 ஜனவரி முதல் நோயாளர்கள் கப்பலேற்றப்பட்டு, மொலோக்காய் தீவின் வடகரையில், முப்புறம் கடலும் பின்புறம் செங்குத்தான மலையும் சூழ்ந்த கலவாவோ பகுதியில் இறக்கிவிடப்பட்டனர். 1969 இல் தனிமைப்படுத்தல் முடிவுக்கு வரும்வரை அங்கு அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 8,000 பேராவர்.

அந்தக் கரைக்கு 1873 மே 10 ஆம் திகதி தாமாகவே விரும்பிச் சென்றவர்தான் டேமியன் அடிகளார். 1840 இல் பெல்ஜியத்தில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்த அவர், நோயுற்ற தமையனாருக்குப் பதிலாக 1864 இல் ஹவாய் வந்து, அவ்வாண்டிலேயே குருவானார். குருமார் நால்வர் முறைவைத்துக் கலவாவோ சென்று பணிபுரிவதென்றே ஏற்பாடாகியிருந்தது. முதலாவதாகச் சென்றவர் திரும்பவில்லை.

அங்கு இறந்தோர் முறையான அடக்கமின்றிக் கிடந்த நிலையே அவரை முதலில் உலுக்கியது. பிரேதப் பெட்டிகளைத் தம் கையாலேயே செய்தார். குழிகளையும் தாமே வெட்டினார். மரணச் சடங்குகளைக் கவனிக்க நோயாளர்களைக் கொண்டே ஒரு சங்கம் அமைத்து, வாத்தியக் குழுவினர் முன்செல்ல இறுதி ஊர்வலங்களை நடத்தினார். குடும்பத்தினராலும் அரசினாலும் கைவிடப்பட்ட ஒருவர் தமக்கும் பெயர் சொல்லிப் பிரார்த்திக்க ஆட்கள் உண்டு என்றறிந்து கண்மூடுவது சிறிய காரியமன்று. வீடுகளும் குடிநீர்க் குழாய்களும் அடுத்தடுத்து வந்தன. நோயாளரைத் தொடலாகாது என்ற அறிவுறுத்தலை அவர் கைக்கொள்ளவில்லை. புண்களுக்கு மருந்திட்டார், அவர்களோடு ஒரே பாத்திரத்தில் கையிட்டு உண்டார்.

எனினும், அனைத்தும் அவர் ஒருவராலேயே ஆனதென்று எழுதுவது அம்மக்களுக்கு இழைக்கும் அநீதி என்றே நாம் கருதுகின்றோம். அவர் வருவதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1866 இல், புரட்டஸ்தாந்து நோயாளர்கள் 35 பேர் சேர்ந்து சிலோவாமா என்ற திருச்சபையை அங்கு நிறுவியிருந்தனர். அடிகளாரும் குறையற்றவரல்லர். பிடிவாதமும் முன்கோபமும் கொண்ட அவர், சுகாதாரச் சபையோடும் தமது மேலதிகாரிகளோடும் ஓயாது முரண்பட்டார்.

தனிமையின் வேதனையை அவரும் அறிந்திருந்தார். சபைத் தலைவர் வந்த கப்பலில் ஏற அனுமதி மறுக்கப்பட்டமையால், படகில் நின்றவாறே தமது பாவங்களைப் பிரெஞ்சு மொழியில் உரக்கச் சொல்லி அவர் பாவசங்கீர்த்தனம் செய்ததுமுண்டு. 1884 டிசம்பரில் ஒருநாள், கால்களைக் கொதிநீரில் வைத்தபோது சூடு உறைக்கவில்லை. அவரையும் நோய் பற்றியிருந்தது. அதன் பின்னரும் நாலாண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1888 இல் அன்னை மரியான் கோப் தலைமையில் பிரான்சிஸ்கன் கன்னியர் வந்து பணியில் இணைந்தனர். 1889 ஏப்ரல் 15 ஆம் திகதி, தமது 49 ஆவது வயதில் அடிகளார் காலமானார். வந்த புதிதில் வீடின்றி இரவுகளைக் கழித்த தாழை மரத்தடியிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

1936 இல் அவரது உடல் பெல்ஜியத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2009 ஒக்டோபரில் பாப்பரசர் 16 ஆம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அதற்கு முன்னரே, 1995 இல், அவரது வலக்கரம் மாத்திரம் ஹவாய்க்குத் திரும்பி வந்து, கலவாவோவின் பழைய கல்லறையில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.