அரசனுக்கு வலக்கையாய் இருந்த கர்தினால்

புனித தோமஸ் மூரை நீங்கள் அறிவீர்கள். மனச்சாட்சியின் பொருட்டு 1535ஆம் ஆண்டில் தலையைக் கொடுத்தவர். 2000ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இவரை அரசியலாளரின் பாதுகாவலராக அறிவித்தார். ஆனால் மூர் அமர்ந்த அதே சான்சலர் ஆசனத்தில் அவருக்கு முன் ஏறக்குறைய 14 ஆண்டுகள் அமர்ந்திருந்தவரைப் பற்றி நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. அவரும் கத்தோலிக்கரே, அதிலும் ஒரு கர்தினால். பெயர் தோமஸ் வுல்சி. ஒரு மனிதனை அரசியலுக்குள் எது இழுக்கிறது, இழுத்தபின் எது விடாமற் பிடித்து வைக்கிறது என்று அறிய விரும்புவோருக்குப் புனிதரின் வரலாற்றிலும் இவருடைய வரலாறே அதிகம் சொல்லும் என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தின் கிழக்கே சபொக் பகுதியில் இப்ஸ்விச் என்னும் துறைமுகப் பட்டினத்தில் 1470களின் முற்பகுதியில் வுல்சி பிறந்தார். தந்தை கால்நடை வாங்கி விற்று, இறைச்சிக்கடையும் நடத்தியவர் என்பர். பிற்காலத்தில் பிரபுக்கள் இவரை ஏச விரும்பியபோதெல்லாம் அந்த இறைச்சிக்கடையையே இழுத்தார்கள். பையனோ மகா கெட்டிக்காரன். ஒக்ஸ்போர்டில் 15 வயதிலேயே பட்டம் பெற்றான். கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டால் நாம் உத்தியோகத்தைப் பற்றித்தானே முதலில் பேசுவோம்? அக்காலத்து இங்கிலாந்தில் குலமும் நிலமும் இல்லாத பிள்ளைக்குப் பெரிய உத்தியோகத்துக்குப் போகத் திறந்திருந்த வாசல் ஒன்றுதான். அது திருச்சபை. கணக்கும் கடிதமும் சட்டமும் அறிந்த குருமாரை அரசர்கள் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டு, சம்பளத்துக்குப் பதிலாகப் பங்குகளையும் மேற்றிராசனங்களையும் கொடுத்து வந்தார்கள். வுல்சி 1498இல் குருப்பட்டம் பெற்றார். குருத்துவத்தின் மீது அவருக்கு ஆசையே இருக்கவில்லை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர் ஏறிய படிகள் பீடத்தை நோக்கிச் செல்லவில்லை.

கன்டபரி அதிமேற்றிராணியாரிடமும், பின்னர் கலே துறைமுகத்தில் அரச பிரதிநிதியாயிருந்த ஒருவரிடமும் சிற்றாலயக் குருவாக இருந்து, 1507 அளவில் ஏழாம் ஹென்றி அரசனின் அரண்மனைக்குள் நுழைந்தார். அங்கே நடந்த ஒரு சம்பவத்தை, பிற்காலத்தில் அவருக்கு ஊழியம் செய்து அவருடைய சரித்திரத்தையும் எழுதிய ஜோர்ஜ் கவென்டிஷ் என்பவர் குறித்து வைத்திருக்கிறார். கடலுக்கு அப்பால் பிளாண்டர்ஸ் நாட்டில் தங்கியிருந்த பேரரசர் மக்சிமிலியனிடம் ஒரு செய்தியுடன் அரசன் வுல்சியை அனுப்பினான். ஞாயிறு நண்பகலில் புறப்பட்டவரை வியாழன் காலையில் அரண்மனையிற் கண்ட அரசன், இன்னும் புறப்படவில்லையா என்று கடிந்துகொண்டான். வுல்சியோ போய், காரியத்தை முடித்து, முதல்நாள் இரவே திரும்பியிருந்தார். அது மட்டுமன்று. சொல்ல மறந்த ஒரு விடயத்தை அரசன் பின்னால் ஆள் விட்டு அனுப்பியிருந்தான். அந்த ஆள் வந்து சேருமுன்னரே வுல்சி தாமாக ஊகித்து அதையும் முடித்துவிட்டார்.

வாசகரே, இந்தக் கதையைச் சற்று நிறுத்திப் பாருங்கள். இதிலே பணத்தாசை இல்லை, வஞ்சகமும் இல்லை. தன்னால் ஆகும் என்று அறிந்த ஒருவன், அதைச் செய்து காட்டும்போது அடையும் மகிழ்ச்சிதான் இருக்கிறது. அரசியலுக்குள் போகிறவர்களிற் பலரை முதலில் இழுப்பது இதுவே என்று நினைக்கிறேன். பட்டும் பரிவாரமும் பிறகு வருபவை.

1509இல் எட்டாம் ஹென்றி அரசனானான். வயது 18 நிறையவில்லை. வேட்டை, குதிரை, சங்கீதம், விருந்து என்பவற்றில் அவனுக்கு இருந்த நாட்டம் கடிதக்கட்டுகளில் இருக்கவில்லை. மூத்த ஆலோசகர்கள் சபைக்கு வந்து உட்காரும்படி அவனை வற்புறுத்தினார்கள். வுல்சியோ, அரசன் விரும்பியபடி பொழுதைக் கழிக்கட்டும், பாரத்தை நான் சுமக்கிறேன் என்ற வழியைப் பிடித்தார். மற்றவர்கள் வெறுத்த வேலையை அவர் விரும்பிக் கேட்டு வாங்கினார். 1513இல் அரசன் பிரான்சு மீது படையெடுத்தபோது ஏறக்குறைய 30,000 பேருக்கு உணவு, பியர், குதிரை, கப்பல், கூடாரம் யாவையும் ஒழுங்கு செய்தவர் அவரே. இரண்டு பட்டினங்கள் பிடிபட்டன. பலன் உடனே கிடைத்தது: 1514இல் லிங்கன் மேற்றிராணியார், அதே ஆண்டில் யோர்க் அதிமேற்றிராணியார், 1515இல் கர்தினால், அந்த ஆண்டின் முடிவில் லோர்ட் சான்சலர். 1518இல் பாப்பரசரின் விசேட பிரதிநிதி என்ற அதிகாரமும் சேர்ந்தது. அதனால் நாட்டின் மூத்த அதிமேற்றிராணியாரையும் மிஞ்சி இங்கிலாந்துத் திருச்சபை முழுவதும் அவர் கைக்குள் வந்தது.

அவருடைய ஆடம்பரத்தைப் பற்றி எழுதாத சரித்திரக்காரர் இல்லை. வீட்டில் ஏறக்குறைய 500 பேர் இருந்தார்கள். தேம்ஸ் நதிக்கரையில் ஹம்ப்டன் கோர்ட் மாளிகையைக் கட்டி எழுப்பினார். குருவாயிருந்தும் இரு பிள்ளைகளுக்குத் தந்தையானார். மகன் சிறுவனாயிருக்கும்போதே அவனுக்குத் திருச்சபைப் பதவிகளைத் தேடிக் கொடுத்தார். இவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அநியாயம் செய்தவர்களாவோம். கூரையில் நட்சத்திரங்கள் தீட்டப்பட்டிருந்த மண்டபத்தில் அவர் நடத்திய நீதிமன்றம் பிரபுக்களையும் இழுத்து விசாரித்தது. ஏழைகளின் முறைப்பாடுகளைக் கேட்கத் தனி ஒழுங்கு செய்தார். ஆட்டுப்பட்டிகளுக்காகப் பொது நிலங்களை வேலியடைத்தவர்களை விசாரிக்க 1517இல் ஆணைக்குழுக்களை அனுப்பினார். 1518இல் ஐரோப்பிய அரசுகளை இலண்டனில் ஒரு சமாதான உடன்படிக்கைக்குக் கொண்டுவந்தார். 1527இல் பிரான்சின் கொம்பியேன் நகரில் தங்கியிருந்தபோது, விடிய 4 மணிக்கு எழுதத் தொடங்கி மாலை 4 மணி வரை உணவுக்கும் எழும்பாமல் அரசனுக்குக் கடிதம் எழுதினார் என்று கவென்டிஷ் சொல்கிறார். அதற்குப் பின்புதான் பூசை கண்டார்.

திருச்சபையைச் சீர்திருத்தவும் அவர் எண்ணியிருந்தார். புதிய மேற்றிராசனங்கள், ஒழுங்கான மடங்கள், படித்த குருமார் என்று திட்டங்கள் பல. ஆனால் சீர்திருத்தத்துக்குத் தடையாயிருந்த தீமைகளில் முதலாவது, ஒரே ஆள் பல மேற்றிராசனங்களை வைத்துக்கொண்டு ஒன்றிலும் குடியிராமல் வருமானம் எடுப்பது. அதற்கு நாட்டிலே மிகப் பெரிய உதாரணம் அவர்தான். யோர்க்கை வைத்துக்கொண்டே முதலில் பாத், பின்பு டர்ஹம், பின்பு வின்செஸ்டர் என்று ஒன்று மாறி ஒன்றை எடுத்தார். இன்னும் ஒரு அதிகாரம் கைக்கு வந்தால் எல்லாவற்றையும் திருத்தலாம் என்பது அவருடைய நம்பிக்கை போலும். அந்த இன்னும் ஒன்று வந்துகொண்டே இருந்தது. ஏறக்குறைய 30 சிறு மடங்களை மூடி, அவற்றின் சொத்தைக் கொண்டு ஒக்ஸ்போர்டிலும் தம் சொந்த ஊரிலும் கல்லூரிகள் கட்டத் தொடங்கினார். நோக்கம் நல்லது. ஆனால் அந்த வேலைக்கு அவர் பயன்படுத்திய உதவியாளர் தோமஸ் குரொம்வெல். மடங்களை எப்படி மூடுவதென்று அங்கே பழகிக்கொண்ட அந்த மனிதர், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் நாட்டிலிருந்த மடங்கள் எல்லாவற்றையும் மூடும் வேலையை அரசனுக்காக நடத்தினார்.

வுல்சியின் அதிகாரம் கடன் வாங்கிய அதிகாரம். 1525இல் இது வெளிப்பட்டது. பிரான்சு யுத்தத்துக்காகப் பொதுமக்களின் சொத்தில் ஆறில் ஒரு பங்கும் குருமாரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கும் கேட்கப்பட்டன. சனங்கள் கிளர்ந்தார்கள், வுல்சியின் பிறந்த பகுதியான சபொக்கிலேயே ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். உடனே அரசன், இப்படிக் கேட்டது தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டான். பழி முழுவதையும் வுல்சி ஏற்றுக்கொண்டார். அவருக்குப் பிரபுக்களில் நண்பர் இல்லை, பாராளுமன்றத்தில் ஆதரவில்லை, சனங்களின் அன்பும் இல்லை. இருந்தது அரசனின் பிரியம் ஒன்றே.

அந்தப் பிரியத்துக்கு விலை 1527இல் கேட்கப்பட்டது. கத்தரீன் அரசியைத் தள்ளிவிட்டு ஆன் பொலினை மணக்க ஹென்றி விரும்பினான். உரோமாபுரியின் தீர்ப்பை வுல்சி வாங்கித் தரவேண்டும். ஆனால் அதே ஆண்டில் பேரரசர் ஐந்தாம் சாள்சின் படைகள் உரோமாபுரியைச் சூறையாடி, பாப்பரசர் ஏழாம் கிளமென்டைச் சிறைப்படுத்தின. சாள்ஸ் கத்தரீனின் சகோதரியின் மகன். 1529இல் இலண்டனில் வுல்சியும் உரோமையிலிருந்து வந்த கர்தினால் கம்பெஜியோவும் நடத்திய விசாரணை தீர்ப்பின்றி யூலையில் ஒத்திவைக்கப்பட்டது. அதே ஒக்டோபரில் வுல்சியிடமிருந்து முத்திரை பறிக்கப்பட்டது. அந்நிய அதிகாரத்தை நாட்டில் செலுத்தினார் என்பது குற்றச்சாட்டு. பாப்பரசரின் பிரதிநிதிப் பதவியைத்தான் சொன்னார்கள். அதை உரோமையில் கேட்டு வாங்கிக் கொடுத்தவன் அரசனே! 1531இல் அதே சட்டத்தைக் காட்டிக் குருமார் அனைவரையும் வெருட்டி, கன்டபரி மாகாணத்திலிருந்து மட்டும் 100,000 பவுண் வாங்கினான். 1534இல் திருச்சபைக்கே தலைவனானான். திருச்சபையையும் அரசையும் ஒரே கையில் வைத்து ஆளலாம் என்பதை அவனுக்குப் பத்தாண்டுக்கு மேலாகச் செய்து காட்டியவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1530 ஏப்ரிலில் வுல்சி வடக்கே தம்முடைய யோர்க் மேற்றிராசனத்துக்குப் புறப்பட்டார். அதிமேற்றிராணியாராகி 16 ஆண்டுகளின் பின் அவர் அங்கே போவது இதுவே முதற்தடவை. அங்கே அவரைக் கண்டவர்கள் வியந்தார்கள். சிறு கோவில்களில் பூசை செய்தார், பகைத்திருந்த குடும்பங்களைச் சேர்த்து வைத்தார், ஏழைகளுக்கு உணவளித்தார். ஒரு மடத்தில் காலை 8 மணியிலிருந்து நண்பகல் வரையும், மீண்டும் 1 மணியிலிருந்து 4 மணி வரையும் பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் கொடுத்து, களைப்பினால் நிற்கமாட்டாமல் கதிரையில் இருந்துகொண்டே கொடுத்தார். மறுநாள் வழியில் ஒரு கற்சிலுவையருகே ஏறக்குறைய 200 பிள்ளைகள் கூட்டி நிறுத்தப்பட்டிருந்தார்கள். வாகன மிருகத்தை விட்டிறங்கி ஒவ்வொருவருக்கும் கொடுத்த பின்னரே நகர்ந்தார். அரசனுக்குச் செய்ததைக் கடவுளுக்குச் செய்யவில்லையே என்று மரணப்படுக்கையில் அவர் வருந்தியது பிரசங்கங்களிற் பலமுறை சொல்லப்பட்டாயிற்று. எனக்கோ அந்தக் கற்சிலுவையருகே நின்ற பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு முன் 16 ஆண்டுகளாக எத்தனை பிள்ளைகள் காத்திருந்திருப்பார்கள்!

ஆனால் முழுமனமாற்றம் என்று எழுதிவிட முடியாது. அதே மாதங்களில் இத்தாலிய வைத்தியர் ஒருவர் மூலம் பிரான்சுக்கும் பேரரசருக்கும் இரகசியச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தார். பழைய இடத்துக்கு எப்படியாவது திரும்பவேண்டும். அது அரசனின் காதுக்கு எட்டியது.

யோர்க் பேராலயத்தில் அவரை ஆசனமேற்றும் சடங்கு நவம்பர் 7ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்டிருந்தது. 4ஆம் திகதி அவரைக் கைதுசெய்ய நோர்தம்பர்லாண்ட் பிரபு வந்தார். இந்தப் பிரபு இளைஞனாக வுல்சியின் வீட்டில் வளர்ந்தவர். அப்போது ஆன் பொலினை மணக்க விரும்பியவர். அவரைக் கடிந்து அந்த விவாகத்தைத் தடுத்தவர் வுல்சி. பிரபு நடுங்கும் கையை அவர் தோளில் வைத்து, மெல்லிய குரலில் கைது என்றார்.

இலண்டன் கோபுரச் சிறையை நோக்கிய வழியில் வயிற்றோட்டத்தினால் மெலிந்து, லெஸ்டர் மடத்தை அடைந்தார். அங்கே படுத்திருந்தபோதும் அவரிடமிருந்த 1,500 பவுண் எங்கே என்று அரசனின் பெயரால் கேட்டார்கள். வேலைக்காரரின் கூலிக்கும் தம் அடக்கத்துக்குமாக நண்பர்களிடம் கடன் வாங்கிய பணம் அது. பாவசங்கீர்த்தனம் செய்து, நவம்பர் 29ஆம் திகதி காலை 8 மணியளவில் இறந்தார்.

சிறப்போடிருந்த நாட்களில் தமக்கென்று இத்தாலியச் சிற்பி ஒருவரைக் கொண்டு ஒரு கல்லறை செய்வித்துக்கொண்டிருந்தார். கரும் பளிங்குக்கல்லாலான அதன் பெட்டகத்தை அரசன் தனக்கென எடுத்தான். அவனும் அதில் வைக்கப்படவில்லை. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கிடந்து, 1806இல் கடற்படைத் தளபதி நெல்சனுக்குப் பயன்பட்டது. இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் நிலவறையில் அதைப் பார்க்கலாம். வுல்சி அடக்கப்பட்ட லெஸ்டர் மடம் 1538இல் மூடப்பட்டது. அவருடைய குழி எது என்று இன்று எவருக்கும் தெரியாது.