தொரப்பள்ளி தந்த இராஜாஜி: குடும்ப வரவு செலவுக்கு ஒரு பாடம்

 

இம்மலரின் வேறு பக்கங்களில் ஜமாஅத்தின் ஆண்டு வரவு செலவுக் கணக்கைத் தங்கள் பார்வைக்கு வைத்துள்ளோம். ஜமாஅத்தின் கணக்கைப் போன்றே ஒவ்வொரு குடும்பத்தின் கணக்கும் நம் கவலைக்குரியதே. மகளின் நிக்காஹ் செலவுக்கும், திடீர் மருத்துவச் செலவுக்கும், பிள்ளைகளின் கல்விக் கட்டணத்திற்கும் உதவி நாடி நிர்வாகத்தை அணுகுவோரில், தொழிற்சாலையில் பல்லாண்டுகள் உழைத்து மாதந்தோறும் ஊதியம் பெற்றவர்களும் இருக்கின்றனர். உழைத்த பொருள் எங்கே சென்றது என்று அமர்ந்து பேசினால், அவர்களுள் பலருக்கும் கடனும் வட்டியுமே விடையாக வருகின்றன.

இந்நிலையில், நம் ஓசூர் மண்ணில் பிறந்து நாட்டின் உச்சப் பதவி வரை உயர்ந்த ஒருவரின் வாழ்க்கையை இவ்வாண்டு நினைவுகூர விழைகின்றோம். அவர்தாம் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் என்னும் இராஜாஜி. அரசியல்வாதியாகவும் எழுத்தாளராகவும் அவரை யாவரும் அறிவர். நம் மாவட்டத்துக் குடும்பங்களின் பணப்பையைப் பற்றி அவர் கொண்டிருந்த அக்கறையை அறிந்தோர் சிலரே.

பிறப்பும் வளர்ப்பும்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இராஜாஜி பிறந்தார். தந்தையார் அவ்வூரின் முன்சீப்பாக இருந்தவர். பெரும் செல்வம் படைத்த குடும்பமன்று. தொடக்கக் கல்வியைத் தொரப்பள்ளியிலும் பின்னர் ஓசூர் அரசுப் பள்ளியிலும் பயின்ற அவர், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் சென்னையிலும் உயர்கல்வி பெற்றுச் சட்டம் முடித்தார். அவர் பிறந்த எளிய இல்லம் இன்று அரசின் நினைவு இல்லமாகப் பேணப்படுகின்றது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத்தக்க இடம் அது.

1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். திறமையால் வருமானம் பெருகிற்று. 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார். இளம் வயதிலேயே மனைவியை இழந்து, ஐந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பையும் தாங்கினார். அத்தகைய நிலையில், ஒத்துழையாமை இயக்கத்தின்போது வளம் மிக்க அத்தொழிலைத் துறந்து, சிறை புகுந்தார். வருமானம் நின்றபோதும் அவர் வாழ்வு நிலைகுலையவில்லை. தேவைகளைச் சுருக்கிக்கொண்டு வாழ அவர் அறிந்திருந்ததே காரணமாகும்.

ஆசிரமத்தில் கண்ட உண்மை

1925ஆம் ஆண்டு திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, தம் பிள்ளைகளுடன் அங்குக் குடியேறினார். மழை பொய்த்து வாடிய அச்சுற்றுவட்டாரக் கிராமங்களில் கைராட்டை நூற்பின் வழியே பெண்களுக்குச் சிறிது கூலி கிடைக்கச் செய்தார். நிலத்தை மட்டுமே நம்பிய குடும்பத்திற்கு இரண்டாவது வருவாய் எத்துணைப் பெரிய தூண் என்பதை அம்மக்கள் கண்டனர்.

ஆனால் வருவாய் வந்தும் வறுமை நீங்காத வீடுகளை அவர் அங்கே கண்டார். பெண் நூற்றுச் சேர்த்த காசு மாலையில் கள்ளுக்கடைக்குச் சென்றது. எஞ்சியதைக் கடன்காரர் வட்டியாகப் பெற்றுச் சென்றார். குடத்தின் அடியில் ஓட்டை இருக்க, மேலே நீர் ஊற்றுவதால் பயனில்லை என்பதை உணர்ந்த அவர், மதுவிலக்கிற்கென்றே ஆசிரமத்திலிருந்து விமோசனம் என்னும் திங்களிதழை நடத்தினார். எழுத்தாளர் கல்கி அதில் அவருக்குத் துணைநின்றார்.

ஓட்டைகளை அடைத்த ஆட்சி

1937ஆம் ஆண்டு ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சர் பதவிக்கு அக்காலப் பெயர் அது. அவருடைய அமைச்சரவையில் யாகூப் ஹசன் சேட் அவர்கள் பொதுப்பணித்துறை அமைச்சராக இடம்பெற்றிருந்தார். அவ்வாட்சியில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியதும், 1953இல் இரண்டாம் முறை ஆட்சியில் இருந்தபோது கொணர்ந்த கல்வித் திட்டமும் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. எனினும் குடும்பப் பொருளாதாரம் பற்றிய இரு செயல்கள் தனித்து நோக்கத்தக்கவை.

முதலாவது மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் அது நடைமுறைக்கு வந்தது. தருமபுரி மாவட்டம் 1965இலும் கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இலும் உருவானவை. எனவே, 1937இல் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்திலேயே அடங்கியிருந்தன. அதாவது மாகாணத்தில் முதன்முதலாகக் கள், சாராயக் கடைகள் மூடப்பட்ட ஊர்களில் நம் ஊர்களும் அடங்கும். குடிக்குச் சென்ற காசு உணவுக்கும் உடைக்கும் பழங்கடனை அடைப்பதற்கும் திரும்பியதை அக்கால ஆய்வுகள் பதிவு செய்தன. அரசு இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரியை அவர் கொணர்ந்தார். வணிகர்கள் அதனை எதிர்த்தனர். ஒரு வரவை நிறுத்தும் முன் மாற்று வரவை எண்ணிப் பார்க்கும் நிர்வாகியின் நோக்கை அதில் காண்கின்றோம்.

இரண்டாவது, 1938ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நின்றிருந்த வட்டி நிலுவையை அச்சட்டம் தள்ளுபடி செய்தது. முதலாகவோ வட்டியாகவோ, வாங்கிய தொகையைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் அக்கடன் முழுதும் தீர்ந்ததாகக் கருதப்பட்டது. அதே வேளையில், வேறு உடைமை ஏதுமில்லாத பெண்ணுக்கு வரவேண்டிய சிறு கடன்களுக்கு விலக்களிக்கப்பட்டது. கையிலிருந்த சிறு பொருளைக் கடனாகக் கொடுத்து வாழ்ந்த கைம்பெண்ணின் பிழைப்பு கெடக்கூடாதன்றோ!

இந்த இரு மடங்கு விதியின் பொருளை இன்றைய கணக்கில் பார்ப்போம். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியில் ஒருவர் 1 இலட்சம் ரூபாய் கடன் வாங்குகின்றார் எனக் கொள்வோம். மாத வட்டி 3,000 ரூபாய். ஆண்டுக்கு 36,000 ரூபாய். மூன்றாண்டு நிறையுமுன்பே 1 இலட்சம் கட்டிவிடுகின்றார். ஆறாண்டு நிறையுமுன் 2 இலட்சம் கட்டிவிடுகின்றார். ஆயினும் முதல் 1 இலட்சம் அப்படியே நிற்கின்றது. இராஜாஜியின் சட்டம் இவ்விடத்தில்தான் கடன்காரரின் கையைப் பிடித்து நிறுத்தியது.

சட்டத்தின் எல்லை

அச்சட்டம் நிலமுள்ள விவசாயிகளைக் காத்தது. கைத்தொழிலாளரையும் நகர்ப்புறக் கூலியாளரையும் அது எட்டவில்லை. பணம் கொடுப்போர் அஞ்சிக் கதவடைத்ததால் அவசரத்திற்குப் புதுக்கடன் கிடைப்பதும் அரிதாயிற்று என்ற குறை அன்றே எழுந்தது. மதுவிலக்கும் நிலைக்கவில்லை. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சியில் நிறுத்தப்பட்டு, 1948இல் மாகாணம் முழுதும் மீண்டும் வந்து, 1971இல் தளர்த்தப்பட்டது. தொண்ணூறு வயதைக் கடந்த இராஜாஜி, அதனைக் கைவிட வேண்டாமென்று அன்றைய முதலமைச்சரை அவர் இல்லத்திற்கே நேரில் சென்று வேண்டியும் பயனில்லாது போயிற்று.

கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டில் தமிழகத்தில் தனிச் சட்டம் வந்துள்ளது. எனினும் வாரத் தவணைக்கும் குழுக்கடனுக்கும் நகைக்கடனுக்கும் இடையே ஓடும் குடும்பங்களை நம் மஹல்லாவில் காண்கின்றோம். அரசு அடைக்கும் ஓட்டையை அரசே திறக்கவும் கூடும். வீட்டார் தாமே அடைத்த ஓட்டையே நிலையாக அடைபடும். வட்டி நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டதென்பதை அறிந்த நமக்கு இப்பொறுப்பு இரு மடங்காகின்றது.

பிற்கால வாழ்வு

1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக, அப்பதவி வகித்த ஒரே இந்தியராக, இராஜாஜி விளங்கினார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967 தேர்தலில் கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்களின் முஸ்லிம் லீக்கும் அவர் கட்சியும் ஒரே அணியில் நின்றன. அரசு வரவுக்கு மீறிச் செலவிட்டால் விலைவாசி ஏறும், அதனால் மாத ஊதியத்தையும் சிறு சேமிப்பையும் நம்பியவரே முதலில் நலிவர் என்று முதுமையிலும் இடையறாது எழுதிவந்தார். 1972 டிசம்பர் 25ஆம் நாள், 94ஆம் வயதில் காலமானார்.

விலைவாசி பற்றிய அவ்வெச்சரிக்கை நம் சேமிப்புக்கும் பொருந்தும். ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் விலை ஏறினால் 12 ஆண்டுகளில் ஒரு பொருளின் விலை இரட்டிப்பாகின்றது. அதுவரை அலமாரியில் பூட்டி வைத்த பணத்தின் மதிப்புப் பாதியாகின்றது. ஆகவே சேமிப்பு வளரவும் வேண்டும். அவ்வளர்ச்சியை நாடி அவசரப்படுவோர் முதலையே இழக்கவும் கூடும்.

நாம் செய்யத்தக்கவை

முதலில், வீட்டார் அனைவரும் அமர்ந்து ஒரு மாதச் செலவை நோட்டில் எழுதுவோம். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீணில் சென்றால் ஆண்டுக்கு 36,500 ரூபாய் என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

அடுத்து, வட்டிக் கடன்களுள் கடுமையானதை முதலில் அடைப்போம். அது தீரும்வரை ஆடம்பர விருந்துக்கோ புது வாகனத்திற்கோ மற்றொரு கடன் வேண்டாம். மூன்று மாதச் செலவுக்கான தொகையைத் தனியே சேர்த்து வைப்போம். மருத்துவமனை வாசலில் நிற்கும்போது வட்டிக்காரரைத் தேடாதிருக்க அதுவே அரண்.

தொழிற்சாலையில் பணிபுரியும் இளைஞர்கள், நிறுவனம் மாறும்போதெல்லாம் வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவிடாமல் புதிய கணக்கிற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளராயின், பிடித்தம் செய்த தொகை கணக்கில் ஏறியுள்ளதா என்று பார்க்க வேண்டும். நியமனதாரர் பெயரைப் பதிந்து வைக்க வேண்டும்.

பெங்களூரின் நிழலில் நம் பகுதி மனை விலை ஏறிவருவதால், மனை வாங்கும் ஆசை யாவருக்கும் உண்டு. வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகிய மூன்றையும் பாராமல் முன்பணம் கொடுக்கலாகாது. மாதந்தோறும் பெரும் இலாபம் உறுதி என்று கூறிப் பணம் திரட்டுவோரிடம், அந்த இலாபம் எத்தொழிலிலிருந்து வருகின்றது என்று கேட்க வேண்டும். தெளிவான விடை வராவிடில் விலகிக்கொள்ள வேண்டும். அழைத்தவர் உறவினராயினும், தொழுகையில் நம் அருகில் நிற்பவராயினும் இதுவே முறை.

கடன் சுமையை வெளியில் சொல்ல நாணி மேலும் கடன்படுவோர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் தயங்காது நிர்வாகத்தை அணுகலாம். இரகசியம் காக்கப்படும்.

கடனற்ற வாழ்வையும், ஹலாலான வருவாயில் பரக்கத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.