மக்களவைக்குள் நுழையாமலே தேர்தல் முறையை உலுக்கிய ஜே.பி.

புது தில்லி: 1979 மார்ச் 22-ஆம் தேதி மக்களவையில் பிரதமர் மொரார்ஜி தேசாய் எழுந்து, ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமானதாக அறிவித்தார். இரங்கல் உரைகள் நிகழ்ந்தன, அவை ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் ஜே.பி. உயிருடன் இருந்தார். அவர் மறைந்தது அதே ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி, பாட்னாவில். தேர்தலில் ஒருமுறைகூடப் போட்டியிடாத ஒருவருக்கு நாடாளுமன்றம் அவசரப்பட்டு அஞ்சலி செலுத்தியது. அந்த நாடாளுமன்றத்திற்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்ற வேண்டும் என்பதே அவரது கால் நூற்றாண்டுக் கவலையாக இருந்தது.

1902 அக்டோபர் 11-இல் சிதாப் தியாராவில் பிறந்த ஜே.பி., அமெரிக்காவில் பயின்று 1929-இல் திரும்பினார். காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவர். 1942-இல் ஹசாரிபாக் சிறையிலிருந்து தப்பியது அவரை நாடறிந்த வீரராக்கியது.

முதல் பொதுத் தேர்தல் அவருக்குக் கசப்பான பாடமாயிற்று. அவர் தலைமையேற்றுப் பிரசாரம் செய்த சோஷலிஸ்ட் கட்சி 10 சதவீதத்துக்கும் சற்று அதிகமான வாக்குகளைப் பெற்றது. கிடைத்ததோ மக்களவையில் 12 இடங்கள். 45 சதவீத வாக்குகளைப் பெற்ற காங்கிரஸ், 489 இடங்களில் 364-ஐக் கைப்பற்றியது. தோற்ற கட்சிகள் தேர்தல் முறையைக் குறை கூறுவது வழக்கமே. ஜே.பி. அத்துடன் நிற்கவில்லை. 1954-இல் புத்த கயையில் பூதான இயக்கத்துக்கு வாழ்வை ஒப்படைத்து, கட்சி அரசியலிலிருந்தே விலகிச் சென்றார்.

1959-இல் அவர் வெளியிட்ட அரசியலமைப்புச் சீரமைப்புத் திட்டம் கட்சியற்ற ஜனநாயகத்தைப் பேசியது. கிராமசபையிலிருந்து படிப்படியாக மேலெழும் மறைமுகத் தேர்தலை அது பரிந்துரைத்தது. சாதியும் நிலவுடைமையும் கோலோச்சும் கிராமத்தில் கருத்தொற்றுமை என்பது யாருடைய கருத்தாக இருக்கும் என்ற கேள்விக்கு அத்திட்டத்தில் போதிய விடை இல்லை. ஆனால், வேட்பாளரை மேலிடம் திணிக்கக் கூடாது, வாக்காளர்களே தெரிவு செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை அவர் கடைசிவரை கைவிடவில்லை.

1967 தேர்தலுக்குப் பின் கட்சித் தாவல் பெருகியபோது, உள்துறை அமைச்சர் ஒய்.பி. சவாண் தலைமையில் அமைந்த குழுவில் ஜே.பி.யும் இடம்பெற்றார். எனினும் கட்சித் தாவல் தடைச் சட்டம் நிறைவேற 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1974-தான் திருப்புமுனை. பிகார் மாணவர் போராட்டத்துக்குத் தலைமையேற்ற அதே ஆண்டில், தில்லியில் ஜனநாயகத்துக்கான குடிமக்கள் அமைப்பைத் தொடங்கினார். அதன் சார்பில் முன்னாள் நீதிபதி வி.எம். தார்குண்டே தலைமையில் தேர்தல் சீர்திருத்தக் குழு ஒன்றை நியமித்தார். வாக்குரிமை வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்தல், மூன்று உறுப்பினர் கொண்ட தேர்தல் ஆணையம், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆகியோர் பரிந்துரைப்படி ஆணையர் நியமனம், கட்சிகளின் வரவுசெலவுக் கணக்கைச் சட்டப்படி கட்டாயமாக்குதல் ஆகியவை 1975-இல் வெளியான அறிக்கையின் முக்கியப் பரிந்துரைகள்.

குழு பணியாற்றிய மாதங்களிலேயே எதிர்த் திசையிலும் காற்று வீசியது. வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கிலேயே சேர வேண்டும் என 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் அவசரச் சட்டம் பிறந்தது. டிசம்பருக்குள் அது சட்டமாகிவிட்டது. கட்சியின் செலவு வேட்பாளரின் செலவாகாது என்றானது. உச்சவரம்பு ஏட்டில் இருக்க, பணம் கட்சியின் பெயரால் தாராளமாகப் பாய்ந்தது. இந்த விளக்கம் நீங்க 2003 ஆயிற்று. அப்போதும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவுக்கு விலக்கு தரப்பட்டது. கட்சிகளின் மொத்தச் செலவுக்கு வரம்பு விதிக்கப்படவில்லை.

1975 மார்ச் 6-இல் ஜே.பி. தலைமையில் பெரும் பேரணி நாடாளுமன்றத்தை நோக்கிச் சென்றது. அவர்கள் அளித்த கோரிக்கைப் பட்டியலில் தேர்தல் சீர்திருத்தமும் ஒன்று. மூன்று மாதங்களில், ஜூன் 12-ஆம் தேதி, ரேபரேலி தேர்தலில் அரசு ஊழியர்களின் உதவியைப் பெற்ற குற்றத்துக்காக இந்திரா காந்தியின் வெற்றி செல்லாது என அலாகாபாத் உயர் நீதிமன்றம் அறிவித்தது. நெருக்கடிநிலை வந்தது, ஜே.பி. சிறைப்பட்டார். தேர்தல் சட்டம் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்திராவின் வெற்றியை உறுதி செய்தது. சிறுநீரகம் பழுதடைந்த நிலையில் அதே மாதம்தான் ஜே.பி. விடுதலையானார்.

1977-இல் ஜனதா வென்றது. கட்சி மேலிடங்களின் ஆதிக்கத்தைச் சாடிய அவரும் ஆச்சார்ய கிருபளானியும் பிரதமரைத் தெரிவு செய்தனர். ஜனதா உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடைபெறவில்லை. இது அவரது வாழ்வின் பெரிய முரண். ராஜ்காட்டில் உறுதிமொழி ஏற்ற ஜனதாவினர், தார்குண்டே அறிக்கையைச் சட்டமாக்காமலே தங்களுக்குள் மோதிச் சிதறினர். 1979 ஜூலையில் மொரார்ஜி பதவி விலகியதை நோயுற்றிருந்த ஜே.பி. காண நேர்ந்தது.

18 வயதினருக்கு வாக்குரிமை அளிக்கும் அரசியல் சாசனத் திருத்தத்தை 1988-இல் கொண்டுவந்தது ராஜீவ் காந்தி அரசு, ஜே.பி. எதிர்த்துப் போராடிய அதே காங்கிரஸ். மூன்று உறுப்பினர் ஆணையம் 1993-இல் நிலைபெற்றது. ஆணையர் நியமனத்தில் தலைமை நீதிபதிக்கும் இடம் உண்டு என 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், அவருக்குப் பதிலாக மத்திய அமைச்சர் ஒருவரைத் தெரிவுக் குழுவில் அமர்த்தியது.