அதியமான் ஊற்றிய கள்

ஔவையார்னா உங்களுக்கு யார் ஞாபகம் வருவாங்க? கையில் கோல், நெற்றியில் திருநீறு, ஆத்திசூடி. அவர் பிற்காலத்து ஔவை. நான் சொல்றது அதுக்குப் பல நூற்றாண்டு முந்தைய சங்ககால ஔவை. 59 பாடல்கள் இவர் பெயரில் இருக்கு. கள் குடிச்சவர், அதைப் பாட்டிலேயே சொன்னவர்.

தகடூர் அதியமான்தான் இவருடைய நண்பன். தகடூர்னா இன்றைய தர்மபுரி. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியை அவன் தானே தின்னாம இவருக்குக் கொடுத்த கதை தெரிஞ்சதுதான்.

நம்ம ஸ்ரீபெரும்புதூர் தாண்டி காஞ்சிபுரம் இருக்கே, அங்கே தொண்டைமானிடம் தூது போனார். அவனோட வேல்கள் நெய் பூசி, மயிற்பீலி சூட்டிப் பளபளன்னு இருந்துச்சு. (ஒரகடத்தில் புது பார்ட்ஸுக்கு ஆயில் தடவி வைப்பாங்களே, அதே லாஜிக்.) அதியமான் வேலெல்லாம் முனை உடைஞ்சு கொல்லன் பட்டறையில் கிடக்குன்னார் ஔவை. யாரோட வேல் போருக்குப் போயிருக்குன்னு நீங்களே யோசிங்க!

பாண்டியன் யவனர் கொண்டுவந்த வைனைப் பொற்கலத்தில் குடித்த காலம் அது. தகடூரில் கள்தான். கொஞ்சமா இருந்தா அதியமான் அதை ஔவைக்கே கொடுத்துடுவான். நிறைய இருந்தா இவர் குடிச்சுட்டுப் பாட, மிச்சத்தை அவன் சந்தோஷமா குடிப்பான்.

ஒருநாள் அவன் மார்பிலும் வேல் பாய்ந்தது. நடுகல் நட்டு, பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் படைச்சாங்க. மலையோடு ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இதை வாங்கிக்குவானா என்று கேட்டார் ஔவை.