சூளையும் இலக்கண நூலும்

அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் புகையிலை விளையும் ஒரு பண்ணையில் 1856ஆம் ஆண்டு புக்கர் பிறந்தார். அவருடைய தாயார் ஜேன் அப்பண்ணையின் சமையற்காரி. அவர் ஓர் அடிமை. அடிமைத் தாய்க்குப் பிறந்த பிள்ளையும் அடிமையே என்பது அன்றைய சட்டம். முதலாளி வீட்டுப் பெண்ணின் புத்தகங்களைச் சுமந்துகொண்டு பள்ளி வாசல்வரை போவது சிறுவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளுள் ஒன்று. வாசலுக்கு அப்பால் அவன் போகக்கூடாது. உள்ளே வரிசையாக அமர்ந்து படிக்கும் பிள்ளைகளை அவன் வெளியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவான்.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலை பெற்றனர். குடும்பம் மேற்கு வெர்ஜீனியாவில் உள்ள மால்டன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே உப்புக் காய்ச்சும் தொழிற்சாலையில் புக்கரும் வேலை செய்தார். ஒவ்வொரு தொழிலாளி நிரப்பிய பீப்பாய்களிலும் ஓர் எண்ணைக் குறிப்பார்கள். அவருடைய மாற்றாந்தந்தைக்கு உரிய எண் 18. புக்கர் முதன்முதலில் படிக்கக் கற்றுக்கொண்டது அந்த இரண்டு இலக்கங்களைத்தான். பின்னர்த் தாயார் எப்படியோ ஓர் எழுத்துக்கூட்டும் நூலைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். விடியற்காலையில் வேலை, பிறகு பள்ளி, மாலையில் மீண்டும் வேலை என்று சிறுவனின் நாள்கள் கழிந்தன. பள்ளியில் ஆசிரியர் பெயர் கேட்டபோதுதான் மற்றப் பிள்ளைகளுக்கு எல்லாம் இரண்டு பெயர் இருப்பதைக் கவனித்தார். தமக்கும் ஒன்று வேண்டும் என்று அந்த இடத்திலேயே வாஷிங்டன் என்னும் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த நாள்களில், இரண்டு தொழிலாளர்கள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. ஹாம்ப்டன் என்னும் ஊரில் கறுப்பின மக்களுக்கென ஒரு பள்ளி இருக்கிறதாம். கையில் பணம் இல்லாதவர்கள் வேலை செய்துகொண்டே அங்குப் படிக்கலாமாம். அந்தப் பேச்சு அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. 1872இல், 16 வயதில், அவர் புறப்பட்டார். தூரம் ஏறத்தாழ 500 மைல். வண்டியிலும் நடந்தும் சென்றார். ரிச்மண்ட் நகரை அடைந்தபோது கையில் ஒரு காசும் இல்லை. மரப்பலகையால் ஆன நடைபாதையின் அடியில் படுத்து உறங்கினார்; பகலில் கப்பலிலிருந்து இரும்பு இறக்கிக் கூலி பெற்றார். ஹாம்ப்டன் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரிடம் 50 சென்ட் இருந்தது.

பயணத்தால் அழுக்கேறிய உடையுடன் நின்ற இளைஞரைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று தலைமை ஆசிரியை தயங்கினார். கடைசியில், பக்கத்து வகுப்பறையைக் கூட்டிவிட்டு வருமாறு கூறினார். வாஷிங்டன் அந்த அறையை மூன்று முறை கூட்டினார். நாற்காலி, மேசை, சுவர்ப்பலகை என எல்லாவற்றையும் நான்கு முறை துடைத்தார். ஆசிரியை உள்ளே வந்து தம் கைக்குட்டையால் மேசையையும் சுவரையும் தேய்த்துப் பார்த்தார். தூசு ஒட்டவில்லை. அதுவே அவருக்கு நுழைவுத் தேர்வாகிவிட்டது. பள்ளியைத் துப்புரவு செய்யும் வேலையும் கிடைத்தது. அதைக் கொண்டு படித்து 1875இல் தேர்ச்சி பெற்றார்.

அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்று ஒரு சிற்றூர். அங்கே லூயிஸ் ஆடம்ஸ் என்பவர் வாழ்ந்தார். முன்பு அடிமையாய் இருந்த அவர் பள்ளிக்கே சென்றதில்லை. ஆயினும் தகர வேலை, காலணி தைத்தல், குதிரைச் சேணம் செய்தல் ஆகிய மூன்று தொழில்களில் கைதேர்ந்தவர், ஊரில் செல்வாக்குள்ளவர். தேர்தலில் தம் மக்களின் வாக்குகளைப் பெற விரும்பிய வேட்பாளரிடம், அவர்களுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று அவர் கேட்டார். அதன் பயனாக ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கப்பட்டது. அந்தத் தொகை ஆசிரியர் ஊதியத்துக்கு மட்டும்தான். நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை. இந்தப் பள்ளியை நடத்த 25 வயது வாஷிங்டன் அனுப்பப்பட்டார். 1881 ஜூலை 4ஆம் நாள், 30 மாணவர்களுடன் ஒரு பழைய கொட்டகையில் வகுப்பு தொடங்கியது. மழை பெய்தால் மாணவர் ஒருவர் எழுந்து ஆசிரியருக்குக் குடை பிடிப்பார், பாடம் தொடரும்.

பள்ளி தொடங்குவதற்கு முன் வாஷிங்டன் சுற்று வட்டாரக் கிராமங்களைப் பார்த்து வந்திருந்தார். ஒரே அறை கொண்ட குடிசை ஒன்றில், அழுக்கு உடையுடன், சுற்றிலும் களை மண்டிக் கிடக்க, ஓர் இளைஞர் பிரெஞ்சு மொழி இலக்கண நூலைப் படித்துக்கொண்டிருந்தார். வாஷிங்டனுக்கு அது மிகவும் துயரமான காட்சியாகத் தோன்றியது. வகுப்பில் சேர்ந்தவர்களும் ஏறத்தாழ அப்படித்தான். வங்கி வட்டிக் கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். ஆனால், அவர்களிலும் அவர்களின் அண்டை அயலாரிலும் வங்கிக் கணக்கு வைத்திருந்தவர் கிட்டத்தட்ட யாருமில்லை. ஆகவே, புத்தகத்தோடு ஒரு தொழிலையும் கற்பது என்பதைப் பள்ளியின் அடிப்படையாக வைத்தார்.

சொல்வது எளிது. கடன் வாங்கி 100 ஏக்கர் நிலம் வாங்கியதும் காடு வெட்ட மாணவர்களை அழைத்தார். படிக்க வந்தவர்கள் கோடரி பிடிப்பதா என்று அவர்கள் முகம் சுளித்தனர். அடிமைக் காலத்தில் தங்கள் பெற்றோரைச் சாட்டையால் அடித்து வாங்கிய வேலை அல்லவா அது! அந்தத் தயக்கத்தைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. வாஷிங்டன் தாமே கோடரியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பிறகு அவர்களும் பின்தொடர்ந்தனர்.

அடுத்தது செங்கல். கட்டடம் எழுப்பக் கல் தேவை. ஊரிலோ செங்கற்சூளை இல்லை. முழங்கால் அளவு சேற்றில் நின்று மண் குழைக்கும் வேலையை எல்லாருமே வெறுத்தனர். சிலர் பள்ளியை விட்டே போய்விட்டனர். ஏறத்தாழ 25,000 கற்களை அறுத்து, உலர்த்தி, அடுக்கி, முதல் சூளையை மூட்டினர். கற்கள் வேகவில்லை. இரண்டாவது சூளையும் வீணானது. மூன்றாவது சூளை ஒரு வாரம் நன்றாக எரிந்தது. இன்னும் சில மணி நேரம் எரிந்தால் போதும் என்ற நிலையில், நள்ளிரவில் அது சரிந்து விழுந்தது. செங்கல் செய்வது பார்வைக்கு எளிய வேலை. எந்த மண், எவ்வளவு ஈரம், எப்படி அடுக்குவது, எத்தனை நாள் எரிப்பது என்று அறிந்தவருக்கே அது கைகூடும். சக ஆசிரியர்கள் இதைக் கைவிடச் சொன்னார்கள். கையில் பணமும் தீர்ந்துவிட்டது. வாஷிங்டன் மாண்ட்கோமரி நகரத்து அடகுக் கடையில் தம் பழைய கடிகாரத்தைக் கொடுத்து 15 டாலர் வாங்கி வந்தார். நான்காவது சூளையில் கற்கள் சரியாக வெந்தன. கடிகாரத்தை அவரால் மீட்க முடியவில்லை.

அந்தக் கற்களைத் தேடி ஊரிலிருந்த வெள்ளையர்களும் வந்தனர். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கல்வி எதற்கு என்று கேட்டவர்களும் அவர்களுள் உண்டு. நல்ல கல் வேண்டும் என்பதற்காக வந்தவர்கள் பள்ளியோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டனர். 20 ஆண்டுகளுக்குள் ஒரே பருவத்தில் 12 இலட்சம் கற்களைச் சுடும் அளவுக்குச் சூளை வளர்ந்தது. அதே காலத்துக்குள் எழுந்த 40 கட்டடங்களில் நான்கைத் தவிர மற்றவை பெரும்பாலும் மாணவர்களின் உழைப்பால் உருவானவை.

தச்சு, கொல்லுப் பட்டறை, அச்சுத் தொழில், வண்டி செய்தல், தையல், சமையல் என்று பயிற்சிகள் பெருகின. கட்டணம் செலுத்த வழியில்லாதவர்கள் பகலில் 10 மணி நேரம் வேலை செய்துவிட்டு இரவில் 2 மணி நேரம் படித்தனர். பட்டறையில் எழும் கணக்கு வகுப்பறைக்கு வந்தது. தாம் செய்த வேலையைப் பற்றி மாணவர்கள் கட்டுரை எழுதினர். கட்டடக் கலையைக் கற்பிக்க ராபர்ட் டெய்லர் வந்தார்; வேளாண்மைக்கு அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896இல் வந்து சேர்ந்தார். இருப்பினும் பெற்றோரிடமிருந்து எதிர்ப்புக் கடிதங்கள் வந்தன. சிலர் நேரிலேயே வந்துவிட்டனர். எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகம் மட்டும் போதும் என்பதே அவர்களின் கோரிக்கை. வாஷிங்டன் ஊர் ஊராகச் சென்று அவர்களோடு பேசினார்.

1895இல் அட்லாண்டா நகரில் அவர் ஆற்றிய உரை நாடெங்கும் புகழ் தேடித் தந்தது. கறுப்பின மக்கள் முதலில் தொழிலிலும் பொருளாதாரத்திலும் காலூன்றட்டும். சமத்துவத்துக்காக இப்போதே போராட வேண்டியதில்லை என்பது அவ்வுரையின் சாரம். வெள்ளைச் செல்வர்கள் டஸ்கிகீக்கு வாரி வழங்கினர். ஆனால், அதே ஆண்டுகளில் தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தன. அலபாமாவே 1901இல் அப்படி ஓர் அரசமைப்பை ஏற்றது.

டபிள்யூ. ஈ. பி. டுபோய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1903இல் வெளியிட்ட நூலில் அவர் வாஷிங்டனை மரியாதையோடும் கடுமையாகவும் மறுத்தார். வாக்குரிமை இல்லாத கைவினைஞர் தாம் சம்பாதித்த நிலத்தையும் கடையையும் எப்படிக் காத்துக்கொள்வார் என்று கேட்டார். டஸ்கிகீயில் பாடம் நடத்துபவர்களே கல்லூரியில் படித்தவர்கள்தாமே, கல்லூரிகள் இல்லாவிட்டால் அந்தப் பள்ளி ஒரு நாளாவது நடக்குமா என்றும் கேட்டார். குடிசையில் பிரெஞ்சு இலக்கணம் படித்த அந்த இளைஞரும் டுபோய்ஸின் நூலில் வருகிறார். அவருடைய படிப்பை அபத்தம் என்று எண்ணிய வாஷிங்டனின் பார்வையையே டுபோய்ஸ் குறை கூறினார். உண்மையில் இருவரும் மோதிக்கொண்டது செங்கல்லைப் பற்றி அன்று. ஓர் இளைஞர் எதைக் கற்க வேண்டும் என்பதை அவரே தேர்ந்தெடுக்கிறாரா, அவர் பிறந்த இனத்தைப் பார்த்துப் பிறர் முடிவு செய்கிறார்களா என்பதே கேள்வி. வாஷிங்டனின் மகள் போர்ஷியா டஸ்கிகீயில் தையல் கற்றார்; பின்னர் பெர்லின் நகருக்குச் சென்று பியானோவும் பயின்றார். அத்தகைய வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை.

அதே 1903ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் வெளிவந்த இந்தியன் ஒப்பீனியன் வார இதழில் வாஷிங்டனின் வாழ்க்கையைக் காந்தியடிகள் பாராட்டி எழுதினார். தமிழ்ப் பக்கங்களும் கொண்டிருந்த இதழ் அது.

வெளியே சமாதானம் பேசிய வாஷிங்டன், அலபாமாவின் வாக்குரிமைச் சட்டத்தை எதிர்த்த வழக்குக்கு இரகசியமாகப் பணம் கொடுத்து உதவினார். அவர் வாழ்ந்த காலத்தில் இது பலருக்குத் தெரியாது. டுபோய்ஸின் விமர்சனத்துக்கு அவர் வெளிப்படையாக இந்த விடையைச் சொல்லியிருக்கவும் முடியாது. சொன்னால் பள்ளியே மூடப்படும் ஆபத்து இருந்தது.

1915 நவம்பரில் நியூயார்க் நகரில் அவர் நோயுற்றார். தென்பகுதியில் பிறந்த தாம் அங்கேயே இறக்க வேண்டும் என்று கூறி இரயிலில் ஊர் திரும்பினார். நவம்பர் 14ஆம் நாள் டஸ்கிகீயில் காலமானார், வயது 59. அப்போது அங்கு 100க்கும் மேற்பட்ட கட்டடங்களும் ஏறத்தாழ 1,500 மாணவர்களும் இருந்தனர். மறைவுக்குப் பின் டுபோய்ஸ் தம் இதழில் ஒரு குறிப்பு எழுதினார். வாஷிங்டனை மாபெரும் தலைவர் என்று அதில் ஏற்றுக்கொண்டார். அம்மக்கள் வாக்குரிமையை இழந்ததிலும், அவர்களின் கல்லூரிகள் நலிந்ததிலும் அவருக்குப் பெரும் பொறுப்பு உண்டு என்பதையும் அதே குறிப்பில் எழுதினார்.